கசிவு சாரின் இரண்டாவது ஃபோர்க்

காபித்தூள் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியாமல் கசிவு சார் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். நேற்று அதை இறுக்கி மூடியவரும் அவர்தான்.

"கொண்டாங்க, கீழ்வீட்டுல குடுத்துத் திறந்துட்டு வர்றேன்" என்றாள் மனைவி.

"மணிக்கட்டு வலிக்குது. இல்லன்னா நானே திறந்திருப்பேன்."

"மூடும்போது வலிக்கலையாக்கும்."

அவருக்குக் குடிநீர் வாரியத்தில் கசிவு ஆய்வாளர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகக் குழாயில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு, வால்வுகளை இறுக்கி இறுக்கி, சொந்தப் பெயரே அலுவலகத்தில் மறந்துபோய் 'கசிவு சார்' என்பதே நிலைத்துவிட்டது. திருகினால் மூடும் என்று ஒரு பொருள் உலகத்தில் இருந்தால், அதை மூடாமல் அவரால் தாண்டிப் போக முடியாது. அடுத்தவர் வீட்டுக்குப் போனால் அவர்கள் ஷாம்பு பாட்டிலைக்கூட மூடிவிட்டு வருவார். மகளின் தண்ணீர் பாட்டிலைப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர்தான் தினமும் திறந்து கொடுக்கிறார். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், மின்விசிறியோ மேசையோ, தலை முதல் கால் வரை ஒரு சுற்று இறுக்கின பிறகுதான் அது அந்த வீட்டுப் பொருளாகும்.

மணிக்கட்டு வலிக்குக் காரணம் சைக்கிள். அந்தச் சைக்கிளுக்குக் காரணம் மகள்.

பதினாலு வயதில் அவளுக்கு மலைச் சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட கல்குவாரியில், மேடும் பள்ளமுமாக ஒரு பாதை. "அப்பா, நீங்களும் வாங்களேன்" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். இந்த வயதுப் பெண் அப்பாவைக் கூப்பிடுவதெல்லாம் எத்தனை நாளைக்கு? அடுத்த வாரமே அவர் ஒரு சைக்கிள் வாங்கினார். பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபோர்க்கில் மட்டும் ஸ்பிரிங் உண்டு. கடையில் அமுக்கிப் பார்த்தபோது மெத்தை மாதிரி இறங்கி ஏறியது.

குவாரியில் பார்த்தால், அது இரும்புக் கடப்பாரை. ஒவ்வொரு கல்லும் நேராக மணிக்கட்டுக்கு வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பாதி வழியில் இருந்த தட்டைப் பாறைவரை போய்த் திரும்பினார். மூன்றாவது தடவை மகள் கோபப்படவில்லை.

"பரவாயில்லப்பா. இனிமே நான் மாமாகூட போய்க்கிறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க."

அந்தப் 'பரவாயில்ல' மணிக்கட்டைவிட அதிகமாக வலித்தது. மாமா என்பது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. நல்ல பையன்தான். அதுதான் எரிச்சல்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு தடவை பார்ப்போம்மா. ஃபோர்க்கை மாத்திடறேன்" என்றார்.

"சரிப்பா" என்றாள், நம்பாத குரலில்.

சிக்கனமாக முடிப்போம் என்று முதலில் பழைய தலையணைப் பஞ்சை ஹேண்டில்பாரில் சுற்றிக் கட்டிப் பார்த்தார். கை வலி குறைந்தது. பிரேக் எட்டவில்லை. அலுவலக வாசல் குப்பைத்தொட்டிதான் நிறுத்தியது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு இணையத்தில் ஆராய்ச்சி. ஸ்பிரிங் வைத்ததா, காற்றடைத்ததா? நூறு மில்லிமீட்டர் இறங்குவதா, நூற்றிருபதா? உலகம் முழுவதும் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. குறைந்த விலையில் நல்ல ஃபோர்க் எது என்று எவன் கேட்டிருந்தாலும், அந்தச் சைக்கிளை விற்றுவிட்டு வேறு வாங்கு என்றுதான் பதில் சொல்லியிருந்தார்கள். பதினோரு பக்கம் எழுதி, கண் பூத்து, கடைசியில் தள்ளுபடியில் வந்த ஒன்றை ஒரே நாளில் வந்துசேரும் கூரியரில் வரவழைத்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனார். கடைக்காரப் பெண்மணிக்கு ஊரெல்லாம் ஸ்பானரம்மா என்று பெயர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"பழசுக்கு என்ன சார் ஆச்சு? ஒரு தடவை பார்த்துடறேன்."

"பார்க்க ஒண்ணுமில்லம்மா. இருபத்திரண்டு வருஷமா பழுது பார்த்துட்டிருக்கேன். இது போயாச்சு, கழட்டுங்க."

தீர்ப்பைக் கையோடு எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் ஸ்பானரம்மா வாதாடுவதில்லை. புது ஃபோர்க்கை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது நுழையாது சார். இதோட தண்டு கீழே அகலம். உங்க சைக்கிள் கழுத்து மேலயும் கீழயும் ஒரே அளவு."

"கொஞ்சம் அழுத்தி இறுக்கினா?"

"கழுத்து பிளந்துக்கும்."

திருப்பி அனுப்ப இரண்டு நாள் போயிற்று. பார்சல் அலுவலகத்தில் பெட்டியில் டேப் சரியாக ஒட்டவில்லை என்று ஒரு நாள், அதிகமாக ஒட்டியிருக்கிறது என்று ஒரு நாள். வியாழக்கிழமை மறுபடியும் கடையில் நின்றார்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு சார். விலையும் தாங்கும், கழுத்துக்கும் பொருந்தும்" என்று எடுத்து வைத்தாள். "ஆனா உங்க பழைய பிரேக் இதுல உக்காராது. டிஸ்க் பிரேக்தான் போடணும்."

"போடுங்க."

"டிஸ்க்குக்கு உங்க சக்கரம் ஆகாது."

"அப்ப?"

"சக்கரமும் மாத்தணும்."

கசிவு சார் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு ஃபோர்க் வாங்கத்தாம்மா வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சார் வர்றாங்க."

சனிக்கிழமை மத்தியானம் சைக்கிள் தயாரானது. முன்பக்கம் இரண்டு விரல்கடை உயர்ந்துபோய், மதில்மேல் எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி நின்றது. அமுக்கிப் பார்த்தார். பஞ்சு. மறுபடி அமுக்கினார். பஞ்சேதான். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"பழசெல்லாம் இங்கயே விட்டுட்டுப் போறீங்களா சார்? யாராவது கேப்பாங்க."

"தாராளமா. எவன் தலையிலயாவது கட்டுங்க."

வீட்டுக்கு வந்து சைக்கிளை ஹாலில் நிறுத்தி, துணியால் துடைத்து, வழக்கம்போல ஒரு சுற்று எல்லாவற்றையும் சரிபார்த்தார். மனைவி வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"இவ்வளவு அக்கறையா அந்தச் சீரக டப்பாவையும் கொஞ்சம் லூசா மூடியிருக்கலாம்."

"லூசா மூடறதுக்கு எதுக்கு மூடி?" என்றார் கசிவு சார். அவள் டப்பாவோடு கீழ்வீட்டுக்கு இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குவாரிப் பாதையின் முதல் கல்லில் சக்கரம் ஏறியது. மணிக்கட்டில் சுளீர் என்றது. இரண்டாவது கல், மூன்றாவது கல். அதே கடப்பாரை. கடையில் பஞ்சு, வீட்டுக்கு வந்தால் இரும்பு. இந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் மட்டும் வேலை செய்கிற மாதிரிதான் தயாரிக்கிறார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

பின்னாலிருந்து மச்சான் வந்தான். அவனுடைய சைக்கிள் முன்பெல்லாம் ஸ்பிரிங்கே இல்லாத மொட்டை வண்டி. இன்று பள்ளத்தில் இறங்குவதும் ஏறுவதும் தொட்டில் ஆடுகிற மாதிரி இருந்தது.

"ஏம்ப்பா, என்ன ஃபோர்க் அது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"உங்களோடதுதான் அத்தான்."

"என்னோடதா?"

"நேத்து சாயங்காலம் ஸ்பானரம்மா மாட்டிவிட்டாங்க. ஃபோர்க், சக்கரம், பிரேக் எல்லாம் உங்க பழசுதான். சும்மா மிதக்குது அத்தான். இதை ஏன் போய் மாத்துனீங்க?"

வாயைத் திறந்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும், அப்படி உலுக்கியது பாதை. மச்சான் முந்திக்கொண்டு போனான். அவனுக்கு முன்னால் மகளின் சிவப்பு ஹெல்மெட் வளைவில் திரும்பி மறைந்தது.

தட்டைப் பாறை வந்தது. கசிவு சார் இறங்கினார். நான்காவது ஞாயிறு, அதே பாறை. உட்கார்ந்து மணிக்கட்டுகளை மடியில் போட்டுக்கொண்டார். தன்னிடம் இருந்தவரை செத்துக் கிடந்த சாமான் அடுத்தவன் கைக்குப் போனதும் உயிர்த்துக்கொள்கிறது. புதிதாக வாங்கினது தன் வீட்டு வாசலைத் தாண்டினதும் விறைத்துக்கொள்கிறது. ராசியில்லாத ஆள் என்று சொல்வார்களே, அது தான்தானோ என்று நினைத்துக்கொண்டார். ஃபோர்க்கைப் பற்றிக்கூட அவருக்கு இப்போது வருத்தமில்லை. இனி அவள் கூப்பிட மாட்டாள், அவ்வளவுதான்.

கற்கள் உருளும் சத்தம் கேட்டது. சிவப்பு ஹெல்மெட் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"மாமா முன்னாடி போகட்டும்னு விட்டுட்டேன்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே இறங்கினாள் மகள். "ஏன் நின்னுட்டீங்கப்பா?"

"நீ போம்மா. என்னால முடியல. எந்த ஃபோர்க் வாங்கினாலும் ஒரே நாள்ல கல்லாயிடுது. அப்பா மெதுவா தள்ளிக்கிட்டு வீட்டுக்குப் போறேன்."

"கடையில நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே."

"கடையில நல்லாத்தான் இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைச்சு, எல்லாத்தையும் செக் பண்ணித்தானே வச்சேன்."

சொல்லிக்கொண்டே எழுந்து சைக்கிளைப் பிடித்தார். பேச்சு ஒரு பக்கம் இருக்க, விரல்கள் தன்பாட்டுக்கு ஃபோர்க்கின் தலையில் இருந்த நீல நிறத் திருகைத் தேடிப் பிடித்து, எங்கேயாவது தளர்ந்திருக்குமோ என்று வலப்பக்கமாக இன்னொரு அழுத்து அழுத்தின.

மகள் அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு தன் கையை அவர் கைமேல் வைத்து, மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள்.

"அப்பா, இது தண்ணிக்குழாய் இல்ல, இதைத் திறந்து வச்சாத்தான் ஃபோர்க் வேலை செய்யும்."