செலவே வைக்காத கார்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் மதிப்புக்குரிய திருமதி லவினா ஸ்ரான்லி அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் பிள்ளைகளும் நோய் நொடியின்றி இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவி அருந்ததியும் சுகம். நான்கு மாதங்களுக்கு முன் தாங்கள் எனக்கு விற்ற காரும் சுகம். அந்தக் கார் சுகமாக இருப்பதுதான் அம்மா என்னுடைய முறைப்பாடு.

என்னைத் தங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. கட்டையான ஆள், தடித்த கண்ணாடி, காரைச் சுற்றிச் சுற்றி வந்து ரயர்களைக் காலால் தட்டிப் பார்த்த இளைப்பாறிய கணக்காய்வாளர் யோகநாதன் நான்தான். இதைத் தொலைபேசியில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் நான் எடுக்கிற ஒவ்வொரு முறையும் தாங்கள் “வந்திட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்க முதல் வைத்துவிடுகிறீர்கள். ஆகவே எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து அந்தக் காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் தந்த விலையில் பத்து வீதத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தால் போதும்.

இந்த வயதில் எனக்கு டர்போக் கார் எதற்கு என்று தாங்கள் அன்று கேட்கவில்லை. அருந்ததி கேட்டாள். “உங்களுக்கென்ன விசரே? ரெண்டு கதவுக் காரிலை நான் எப்பிடி ஏறுறது? முழங்கால் ரெண்டையும் வீட்டிலை வைச்சிட்டு வரட்டே?” என்றாள். வாழ்க்கை முழுதும் மற்றவர்களின் கணக்கைப் பார்த்து, பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தவன் நான். எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் அது. எங்கள் பிளற்றில் மேல்மாடியில் இருக்கும் இப்திகார், ஜப்பானில் கார் ஏலக் களத்தில் வருடக்கணக்காக வேலை செய்தவர், அவர்கூட எச்சரித்தார். “வாங்குற காச விட வெச்சுக் காக்குற காசு பெருசு சேர். பழைய டர்போ வண்டி, ஒண்டு செய்ய ஒண்டு கழலும்” என்றார். நான் கணக்குத் தெரிந்தவன் அல்லவா? காரின் விலையில் கால் பங்கை முதலாம் வருடப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் போட்டேன். டர்போவுக்கு ஒரு தலைப்பு, ரைமிங் பெல்ற்றுக்கு ஒரு தலைப்பு, பிறேக், ரயர், ஒயில், கடைசியில் ‘எதிர்பாராதவை’. தாங்கள் கார் தரும்போது “இடதுபக்க சீற்றில ஆரையும் இருத்தாதீங்க, அது கொஞ்சம் லூஸ்” என்று சொன்னீர்களே, அந்த சீற்றின் நட்டுகளுக்குக்கூட ஒரு சிறு தொகை ஒதுக்கினேன். அருந்ததி ஒரு நிபந்தனை வைத்தாள். அந்தக் காசு முடிகிற அன்றைக்குக் கார் போகவேண்டும். நானும் சரியென்று தலையாட்டினேன், மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்று அவளும் சந்தோஷமாக இருந்தாள்.

ஒரு சதம் முடியவில்லை அம்மா.

கார் வாங்கிய அன்று, தங்கள் கணவருக்கு இந்தக் காரைத் திருத்திக்கொடுத்த அதே மெக்கானிக், பஞ்சிகாவத்தை நபீஸ், முன் பிறேக் பாட் இரண்டும் கடதாசி போல் தேய்ந்துவிட்டதாகச் சொன்னார். பென்ஷன் எடுத்த கையோடு கொண்டுபோனேன். அவர் சில்லைக் கழற்றிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார். “வேற கராஜுக்குப் போய் ஈக்கிறீங்க. பரவால்ல சேர். ஆனா சொல்லிட்டுப் போயிருக்கலாம்” என்றார். பாட் இரண்டும் புத்தம் புதிது. நான் எங்கேயும் போகவில்லை என்று சத்தியம் பண்ணினேன். மனிதர் நம்பவில்லை. அடுத்த மாதம் ஒயில் மாற்றப் போனேன். பழைய ஒயில் தேன் நிறத்தில் வழிந்தது. பிளக் மாற்றப் போனேன், நாலும் மினுங்கின. “இப்பிடியே போனா நான் கடைய மூடுற சேர்” என்று நபீஸ் என்னோடு கதைப்பதையே குறைத்துக்கொண்டார். பெற்றோல் முள்ளும் அசைவதில்லை. பெற்றோலுக்காக நாங்கள் வரிசையில் படுத்துக் கிடந்த நாட்டில் இதை ஒருவரிடமும் சொல்லவும் பயம், பெற்றோல் பவுசர் வண்டி என்று நினைத்துக் குழாயோடு வந்துவிடுவார்கள்.

என் உத்தியோக காலத்தில் நட்டக் கணக்கைக் கண்டு பயந்ததில்லை, களவுக் கணக்கைக் கண்டும் பயந்ததில்லை. செலவே இல்லாத கணக்கைக் கண்டால்தான் எனக்குப் பயம். வேறு யாரோ செலவழிக்கிறார் என்பதுதான் அதன் அர்த்தம். ஆகவே முதலில் கேட்ட தொகையை விடுங்கோ, பாதி விலை தந்தாலும் காணும்.

இனிச் சொல்லப்போவதைத் தாங்கள் தவறாக எடுக்கக்கூடாது. தினமும் காலையில் நான் காரில் ஏறினால் கால் பெடலுக்கு எட்டாது. சாரதி சீற் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருக்கும், ஆறடி ஆளுக்கு வைத்ததுபோல. நான் முன்னுக்கு இழுத்துவிட்டுப் போவேன். அடுத்த நாள் திரும்பவும் பின்னுக்கு. ஆரம்பத்தில் காவலாளியைச் சந்தேகித்தேன், அவர் என்னையும் விடக் கட்டை. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தைப் பக்குவமாக எடுத்து வீட்டுக்குள்ளே வைத்துவிட்டு, எங்கள் வழக்கப்படி கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்தேன். ஐயர் நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து “எடுங்கோ” என்றார். நான் கியரைப் போட்டேன். கார் முன்னுக்குப் போகாமல், தேசிக்காயில் படாமல், மரியாதையாக ஒரு முழம் பின்னுக்குப் போய் நின்றது. ஐயர் குனிந்து பார்த்துவிட்டு, “இது வேறை கோயில் வாகனம் போலை கிடக்கு” என்று தட்சணையை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தோனியார் டாஷ்போர்டில் பழைய இடத்தில் நிற்கிறார். அருந்ததி எங்கள் பிள்ளையாரைப் பக்கத்தில் ஒட்டினாள். “ரெண்டு பேரும் இருக்கட்டும், இடம் இருக்குத்தானே” என்றாள்.

அவளுக்கு இடதுபக்கக் கதவு திறப்பதே இல்லை. எனக்குத் திறக்கும், நபீஸுக்குத் திறக்கும், அவள் ஏறப் போனால் பூட்டிக்கொள்ளும். என் பக்கத்தால் வளைந்து நெளிந்து பின்சீற்றுக்குப் போய், முழங்கால் நாடியில் முட்ட இருந்துகொண்டு கோயிலுக்கு வருவாள். சண்டை பிடிப்பாள் என்று பார்த்தால், ஒருநாள் மெல்லமாக, “முன்சீற்றிலை ஆரோ வரப்போகினமப்பா. அவைக்கு வைச்சிருக்கு” என்றாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கே போனாலும் பக்கத்துச் சீற்றைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஸ்ரார்ட் செய்தவுடன் ஒரு ஜப்பான்காரி பேசுவாளே, தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜப்பான் கார் எல்லாவற்றிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், யாருக்கும் விளங்காது, யாரும் கேட்பதும் இல்லை. அந்தச் சின்னத் திரையில் இலங்கையே கிடையாது, கார் நீலக் கடலுக்கு நடுவில் நிற்பதாகக் காட்டும். அந்தக் கடலுக்குள் போகவேண்டிய இடத்தைக் குறிக்கும் ஒரு சிறு கொடி தெரிந்ததால், ஜப்பான் பாஷை தெரிந்த இப்திகாரைக் கூட்டிக்கொண்டு வந்து சாரதி சீற்றில் இருத்தினேன். அவர் கேட்டார். திரும்பவும் போடச் சொல்லிக் கேட்டார். “வழமையா இவ ரோட்டுக் காசு கட்டுற கார்ட் போடல்ல எண்டுதான் சொல்லுவா சேர். இவ வேற சொல்றா. போற எடத்துக்கு இன்னும் போய்ச் சேரல்ல, ஒராள ஏத்தணும் எண்டு சொல்றா” என்றார். “ஆரை?” என்றேன். “அத சொல்றாவில்ல” என்று சொல்லிக்கொண்டே இறங்கியவர், லிப்ற்றுக்கும் நிற்காமல் படியால் ஏறிப் போய்விட்டார். பாதி விலையும் வேண்டாம், கால் விலை தாருங்கள்.

இந்தச் செவ்வாய்க்கிழமை விஷயம் இல்லாவிட்டால் நான் இன்னும் பொறுத்திருப்பேன். நாலு கிழமைக்கு முந்திய செவ்வாய் பின்னேரம் காவலாளி ஓடிவந்து “மாத்தயா, கார் எக்க தனியம ஸ்டார்ட் வுணா” என்றார். தன்பாட்டில் ஸ்ரார்ட் ஆகிவிட்டதாம். போனேன், எஞ்சின் பூனைபோல உறுமிக்கொண்டு நிற்கிறது, திறப்பு என் சேர்ட் பையில். அடுத்த செவ்வாய் லைற்றும் போட்டுக்கொண்டது. அதற்கடுத்த செவ்வாய் தரிப்பிடத்தை விட்டு வெளியே வந்து நின்றது. போன செவ்வாய் பிளற் வாசல் தடை வரைக்கும் வந்து, தடை தூக்குவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றது. இன்றைக்கும் செவ்வாய் அம்மா.

சனிக்கிழமை நபீஸிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொனற்றைத் தூக்கினார். டர்போவுக்குப் போகும் குழாய் ஒன்று கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் கட்டியிருந்தது. அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தார், ரயர் ஒன்றின்மேல் குந்திவிட்டார். “இது ஹாபர்ல கப்பலுக்குக் கட்டுற முடிச்சு சேர். கிறேன் ஓட்டின ஸ்ரான்லி அங்கிள் மட்டும்தான் இப்பிடிக் கட்டுவார். இந்தக் குழாய நான் போன மாசம் கழட்டிப் பூட்டினது, அப்ப இந்தக் கட்டு இல்ல” என்றார். அதற்குப் பிறகுதான் நடந்ததைச் சொன்னார். ஒரு செவ்வாய் பின்னேரம், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குத் தங்களைக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லிவிட்டு, தங்கள் கணவர் காரைக் கராஜிலிருந்து எடுத்துக்கொண்டு புறப்பட்டாராம். ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு லைற்றில் நின்றாராம். பச்சை விழுந்தும் கார் எடுபடவில்லையாம், பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்களாம், இறங்கி வந்து பார்த்தால் அவருக்கு மூச்சில்லையாம். தாங்கள் மழையில் கேற்றடியில் நனைந்துகொண்டு நின்றீர்களாம். அவர் வரவில்லை. “கார் போனா மேடம் கேற்றடியில நிக்கிறது நிண்டிடும் எண்டுதான் புள்ளைகள் வித்தாங்க சேர். இப்பவும் செவ்வாய்க்கெழமையில அவங்க நிக்கிறாங்க” என்று நபீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் அழுகை வந்தது. “வந்திட்டீங்களா” என்று தாங்கள் யாரைக் கேட்டீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அதோடு பயமும் வந்தது. இவ்வளவு நாளும் நான் என் காரை ஓட்டவில்லை, வேறொருவர் தன் மனைவியிடம் போவதற்காகத் திருத்தி வைத்துக்கொண்டிருக்கிற காருக்குள் குறுக்கே ஏறி இருந்திருக்கிறேன். எனக்குக் கால் விலையும் வேண்டாம், ஒரு சதமும் வேண்டாம். செலவழியாத பராமரிப்புக் காசு முழுவதையும் காசோலையாக இத்துடன் வைக்கிறேன், அது அவர் செலவழித்த காசு. ஆளை அனுப்பி இன்று பின்னேரத்துக்குள் காரை எடுப்பித்துக்கொள்ளுங்கள். ஆறடி ஆளாக அனுப்பினால் சீற்றைச் சரிக்கட்டத் தேவையில்லை.

தங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு. தங்களை அந்தோனியாரும், அவருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிற எங்கள் பிள்ளையாரும் காத்தருள்வார்களாக.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
யோகநாதன்.

பி.கு: எழுதி முடியப் பின்னேரமாகிவிட்டது, கடிதத்தை மடித்துக்கொண்டு கீழே போனேன். தரிப்பிடம் வெறுமையாகக் கிடக்கிறது. திறப்பு என் கையில். காவலாளி தடையைத் தூக்கி சல்யூட் அடித்து அனுப்பினாராம். ஓட்டினவர் வெள்ளைச் சேர்ட், நல்ல உயரம், தலையாட்டி நன்றி சொன்னாராம், என்னுடைய தமையன் என்று காவலாளி நினைத்தாராம். எனக்குத் தமையன் இல்லை. உடனே தங்களுக்குப் போன் எடுத்தேன், இம்முறை தாங்கள் எடுக்கவே இல்லை. ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். காரை எடுக்காதேயுங்கோ. ஹோர்ன் கேட்டால் கேற்றைத் திறக்காதேயுங்கோ, இடதுபக்கக் கதவுக்குக் கிட்டவும் போகாதேயுங்கோ. கடிதத்தை இப்திகாரிடம் கொடுத்து மோட்டார்சைக்கிளில் அனுப்புகிறேன். இந்த நேரத்தில் காலி வீதி ட்ராபிக்கில் ஆர் ஓடினாலும் பம்பலப்பிட்டியில் மாட்டித்தான் ஆகவேண்டும், இவர் ஒழுங்கைகளுக்குள்ளால் முந்தி வந்துவிடுவார்.

இதை எழுதும்போது அருந்ததி தோளுக்கு மேலால் வாசித்துக்கொண்டு நிற்கிறாள். “ஏனப்பா அந்த மனிசியை மறிக்கிறியள்? எவ்வளவு காலமா நிண்டவ” என்கிறாள். பிறகு யன்னலால் பார்த்துவிட்டு, “கொட்டாஞ்சேனைப் பக்கம் நல்லா இருட்டிக்கொண்டு வருது, குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகச் சொல்லி எழுதுங்கோ” என்கிறாள். எழுதிவிட்டேன்.