ஏழு பொட்டு வைத்த பலகை

இசைக்காது இல்லாதவர்களுக்கு இசையைப் பற்றிப் பேசும் ஆசை மட்டும் அளவுக்கு அதிகமாகவே இருக்கும். பாடத் தெரிந்தவர்கள் பாடிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். அது ஏன் இனிமையாக இருந்தது என்று விளக்க உட்காருபவர்கள் என்னைப் போன்றவர்கள்தாம்.

கதிரும் நானும் மணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்தபோது, எங்கள் இரு குடும்பங்களிலும் சம்மதம் சொல்லாதவர் ஒருவர்தான் மிச்சம்: கதிரின் அம்மா. குவீன்ஸ்டவுன் வீட்டில் பல வருடங்களாக வீணை கற்பித்துவருபவர். என்மேல் அவருக்குக் கோபமோ வெறுப்போ இல்லை. மகனிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "நல்ல பொண்ணுதான்டா. ஆனா சுருதிப் பெட்டி ஓடிட்டு இருக்கறப்ப அவ வேற சுருதியில முணுமுணுக்கறா. தெரிஞ்சு செய்யல, அதான் எனக்குப் பயமா இருக்கு."

இதைக் கதிர் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம். தொலைபேசியில் சிரித்துக்கொண்டே என்னிடம் சொல்லிவிட்டார்.

நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள். (மனம் புண்பட்டால் மற்றவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள், நாங்கள் புத்தக அலமாரிக்குப் போவோம்.) அங்கேதான் அந்த அற்புதம் கண்ணில் பட்டது. இழுத்துக் கட்டிய ஒரே தந்தியைச் சரிபாதி நீளத்தில் மீட்டினால், அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கில் மீட்டினால் பஞ்சமம், நான்கில் மூன்று பங்கில் மத்தியமம். காதே வேண்டாம், அளவுகோல் போதும் என்று நான் புரிந்துகொண்டேன். அந்தப் புத்தகங்கள் எதுவும் அப்படிச் சொல்லவில்லை.

ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றை நானே செய்து, அந்த வீட்டுக்குள் கணக்கின் வழியாக நுழைவதென்று தீர்மானித்தேன். ஜாலான் புசாரில் இருந்த வன்பொருள் கடையில் வார்னிஷ் அடித்த நீளப் பலகையைத் தேர்ந்தெடுத்தபோது, கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்), "எந்தச் சுவத்துல மாட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

"சுவத்துக்கு இல்ல நானா, வாசிக்கறதுக்கு."

அவர் பலகையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "எதுக்கும் ரெண்டு பிராக்கெட் எடுத்துக்குங்க லா. பின்னால தேவைப்படும்."

பலகையின் ஒரு தலையில் முறுக்காணி. அதிலிருந்து மறுமுனைவரை ஒரு கிட்டார் தந்தி. தந்தியைத் தாங்க இரண்டு கட்டைகள். அடியில் நகர்த்திக்கொள்ள ஒரு சிறு மரத்துண்டு. (வீணைக்காரர்கள் அதைக் குதிரை என்பார்கள். என்னுடையது கழுதை அளவுக்குக்கூட ஒத்துழைக்கவில்லை.) குதிரையை நிறுத்தவேண்டிய மூன்று இடங்களையும் மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து, நூலகத்து வெள்ளைப்பலகை மார்க்கரால் சிவப்புப் புள்ளி வைத்தேன். சரஸ்வதி பூஜையன்று அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பூன் லேயிலிருந்து ரயிலேறிக் குவீன்ஸ்டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஆன்ட்டி (கதிரின் அம்மாவை அப்போது அப்படித்தான் அழைத்தேன்) உண்மையிலேயே மகிழ்ந்தார். "நீயே செஞ்சியா? அப்ப வீணை பக்கத்துலயே வைப்போம். நாளைக்கு விஜயதசமி, பிள்ளைங்க எல்லாம் வருவாங்க. நீயே வாசிச்சுக் காட்டு." பூஜையில் வைத்த வாத்தியத்தை மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது என்பதால், அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் கூடம் நிறைய மாணவிகளும் அவர்களுடைய பெற்றோரும். பூஜை முடிந்ததும் கதிர் என் தந்தியைச் சுருதிப் பெட்டியோடு சேர்த்துவைத்தார். பலகை பளபளவென்றிருந்தது; வரிசையாக ஏழு சந்தனக் குங்குமப் பொட்டுகள் அழகாக மின்னின. என் புள்ளிகளின்மேல் பொட்டு வைத்து, மீதியை அலங்காரத்துக்காக வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன். முறுக்காணிப் பக்கத்திலிருந்து முதல் மூன்றும் என்னுடையவை; இதில் எனக்கு எள்ளளவும் ஐயம் எழவில்லை.

பிரபஞ்சம், எண்கள், ஒழுங்கு என்று ஒரு சிற்றுரை ஆற்றிவிட்டு, இரண்டாம் பொட்டில் குதிரையை நிறுத்தினேன். "இதுதான் பஞ்சமம்," என்று மீட்டினேன்.

மூலையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்த கதிரின் அப்பா, "நம்ம பிளாக் லிஃப்ட்டு கதவு சாத்தற மாதிரி இருக்கு," என்றார். மாணவிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முதல் பொட்டில் மத்தியமம் என்று அறிவித்து மீட்டினேன். ஆன்ட்டி கண்களை மூடிக்கொண்டார். நான் அதைப் பரவசம் என்று எடுத்துக்கொண்டேன்.

"மாலினி," என்றார் மெதுவாக, "அது மத்தியமம் இல்லம்மா. முன்னாடி வாசிச்சது பஞ்சமமும் இல்ல."

அங்கே நான் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் எத்தனையோ புத்தகங்கள் என் பின்னால் நிற்பதாக எனக்கு ஒரு நினைப்பு. "உங்க காது பழகினபடி கேக்குது, ஆன்ட்டி. கணக்கு தப்பாகாது," என்றேன். அவருடைய வீட்டில், விஜயதசமியன்று, அவருடைய மாணவிகள் முன்னிலையில்.

கதிரின் முகத்தில் எங்கள் கல்யாணம் கலைந்துகொண்டிருந்தது. நானோ மூன்றாம் பொட்டுக்குக் குதிரையை நகர்த்தி, "இது சரிபாதி, மேல் ஷட்ஜம்," என்று தொடர்ந்தேன்.

கதிரின் அப்பா சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பாதின்னா நடுவுல இருக்கணும்ல, பொண்ணு?"

குனிந்து பார்த்தேன். மூன்றாம் பொட்டு, நடுவிடத்துக்கு ஒரு பொட்டு முன்னாலேயே, எந்தக் குற்ற உணர்வும் இல்லாமல் சிவந்திருந்தது.

"நீ மூணுதானே வச்ச?" என்றார் கதிர்.

ஆன்ட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தச் சிவப்புக் கறையா? பூஜையில வைக்கறதை ஈரத்துணியால தொடைக்காம வைப்பாங்களா? அப்புறம் பலகை மொட்டையா இருந்துச்சு. ஸ்வரம் ஏழு ஆச்சேன்னு இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம்வரை சமமா ஏழு பொட்டு வச்சேன்."

தவறு யாருடையது என்று நீதிமன்றத்தில் வாதாடியிருந்தால் நான் வென்றிருக்கலாம். ஆனால் சற்றுமுன் நான் பேசியதற்கு எந்த ஈரத்துணியும் பொறுப்பாகாது. எழுந்து ஓடத்தான் தோன்றியது. ஓடினால் என் பஞ்சமம் என்றென்றைக்கும் லிஃப்ட் கதவாகவே நின்றுவிடும்.

"ஆன்ட்டி, பூக்கட்டற நூல் கொஞ்சம் கிடைக்குமா?"

பூஜைத் தட்டிலிருந்து நூற்கண்டை எடுத்துக் கொடுத்தார். இரண்டு கட்டைகளுக்கும் இடையே தந்தியின் நீளத்துக்கு நூலை வெட்டினேன். மூன்றாக மடித்து, இரண்டு மடிப்பை அளந்து, அந்த இடத்தில் குதிரையை நிறுத்தினேன். இம்முறை எந்த அறிவிப்பும் செய்யாமல் மீட்டினேன்.

சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. (இன்றும் தெரியாது.) ஆனால் ஆன்ட்டியின் தலை தானாக அசைந்தது. அவர் எட்டி அதே தந்தியை மறுபடி மீட்டி, அது சுருதிப் பெட்டியின் ஒலியில் கரைந்து முடியும்வரை கேட்டார். "அதேதான்," என்றார். பிறகு நூலை வாங்கித் தாமே மூன்றாக மடித்துப் பார்த்தார். "இத்தனை வருஷம் வாசிக்கறேன், இது இவ்வளவு சுலபமா மடியும்னு தோணவே இல்ல."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்குள் மகன் பக்கம் திரும்பிவிட்டார்.

"இவளுக்குக் காது சுத்தமா இல்லடா. ஆனா தப்புன்னா திரும்ப அளக்கறா. இந்த வீட்டுல ஏற்கனவே மூணு பேருக்குக் காது இருக்கு. அளக்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

"மூணு பேருன்னா, என்னையும் சேர்த்தா?" என்றார் கதிரின் அப்பா ஆவலோடு. அவருக்குப் பதில் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்துவிட்டது.

இப்போது அவரை அத்தை என்று அழைக்கிறேன். ஆண்டுதோறும் அந்தப் பலகை வீணையருகில் பூஜைக்கு வருகிறது. அதைத் துடைக்கும் உரிமை எனக்கு மட்டுமே. மற்றபடி எங்கள் உறவில் குறையொன்றும் இல்லை. சாம்பாரில் உப்பு அதிகம் என்று நான் வாய் திறக்கும்போது மட்டும், அத்தை கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்வார்:

"உன் நாக்கு பழகினபடி ருசிக்குது, மாலினி. கணக்கு தப்பாகாது."