ஜன்னலோடு வந்த ஸ்டூல்

ஸ்டூலின் இரண்டு கால்கள் அறைக்குள் இருந்தன. மற்ற இரண்டும் பால்கனியில். நடுவில் ஜன்னல் கிரில்லின் கம்பி ஒன்று, தடியாக, அசையாமல் நின்றது.

அவன் எதையும் யோசித்துச் செய்கிறவன். இந்தத் தப்பையும் யோசித்துத்தான் செய்திருந்தான். மாலை நேரத் தச்சு வகுப்பில் மரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளக் கருவி உண்டு. வீட்டில் ஜன்னல் கம்பிகள்தான் உண்டு. இரண்டு குறுக்குக் கட்டைகளைக் கம்பிகளின் இடைவெளியில் நுழைத்து, இந்தப் பக்கம் ஒரு ஜோடிக் கால், அந்தப் பக்கம் ஒரு ஜோடிக் கால் என்று மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் தட்டினான். கட்டை முனையில் செதுக்கிய நாக்கு, காலில் குடைந்த துளைக்குள் 'டக்'கென்று போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஸ்டூல் ஜன்னலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று.

திருப்பித் தட்டினால் கழன்றுவிடும். பசை போடாமல் இருந்திருந்தால்.

அங்கேதான் வம்பு. ஆணி கூடாது, பசை கூடாது, இணைப்பு தன் பலத்தில் நிற்க வேண்டும். இன்று மாலை மாஸ்டர் வைத்திருக்கும் பரீட்சை இதுதான். தேறினால் நாற்காலி வகுப்பு. தேறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து உளி பிடிக்கக் கற்க வேண்டும். தம்பி ஆணியே இல்லாமல் ஸ்டூல் செய்கிறான் என்று அக்கா மாடி மாடியாக ஏறிச் சொல்லி வைத்திருந்தாள். ஊருக்கெல்லாம் அவன் உளிமேல் நம்பிக்கை வந்துவிட்டது, அவனைத் தவிர.

அதனால் காலையில் அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து, குளியலறை அலமாரியிலிருந்த பசை பாட்டிலை எடுத்து எல்லாத் துளையிலும் பிழிந்துவிட்டான். கம்மென்று ரோஜா வாசனை. பசைக் கம்பெனிக்காரர்களும் முன்னேறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது கொட்டாப்புளியால் எவ்வளவு தட்டியும் ஒன்றும் அசையவில்லை. சத்தம் கேட்டு அத்தான் வந்தார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னான்.

"இது ஒரு விஷயமா மாப்ளே? பசைதானே. வெந்நீர் ஊத்தினா இளகிக் கழண்டுடும்."

ஊற்றினார்கள். மரம் வெந்நீரை ஆசையாகக் குடித்து உப்பிக்கொண்டது. அதுவரை அடிக்கு ஒரு தரமாவது முனகிய கட்டை, இப்போது வாயே திறக்கவில்லை.

"பசை விஷயம் அக்காகிட்ட சொல்லிடாதீங்க அத்தான்."

"நான் எங்க அவகிட்ட பேசுறேன்? அவதானே பேசுறா."

அடுத்த வைத்தியமும் அத்தானுடையதுதான். பால்கனியில் நின்று அவர் இழுத்தார். உள்ளேயிருந்து அவன் தள்ளினான். ஏதோ ஒன்று கழன்றது. ஸ்டூல் இல்லை. கிரில் முழுசாக, காரையோடு சுவரிலிருந்து பெயர்ந்து அத்தான் மேலே போய்ப் படுத்தது.

"சொன்னேன்ல, கழண்டுடும்னு," என்றார் அத்தான், அடியிலிருந்து.

குளித்துவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்த அக்கா, சீப்பு பாதியில் சிக்கிய கோலத்தோடு ஓடி வந்தாள்.

"ஜன்னல் எங்கடா?"

"கிளாஸுக்குப் போகுது," என்றார் அத்தான்.

கம்பியை அறுத்துவிடலாம் என்று அவர் ரம்பத்தைத் தேடினார். வீட்டுக்காரர் ஜன்னலை அறுத்தால் வீட்டுக்காரர் நம்மை அறுப்பார் என்று அக்கா தடுத்துவிட்டாள். அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டும், அப்படியே திரும்பி வர வேண்டும். நம்பிக்கை போதாமல் அவளும் கூடவே கிளம்பினாள். பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் இரண்டு தெருவுக்கு விடாமல் பின்னாலேயே வந்தார்.

மாஸ்டர் ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டூலின் இரண்டு கால்களைப் பிடித்து மேலே தூக்கினார். கிரில் மொத்தமும் குறுக்குக் கட்டையில் தொங்கியது. உலுக்கினார். இரும்பு கடகடவென்று ஆடியது. மரம் ஆடவில்லை.

"ஒரு ஆள் கனம் தொங்குது. மயிரிழை விலகலை," என்றார். "இந்த இறுக்கம் எனக்கே எப்பவாவதுதான் வரும். நாற்காலிக்கு வந்துடு."

அக்காவின் முகம் பூத்தது. அவன் முகம் செத்தது. அந்தப் பாராட்டு பசைக்குச் சேர வேண்டியது. அக்கா கண்ணில் படாமல் பைக்குள் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"இறுக்கம் என்னோடது இல்ல மாஸ்டர். பயந்துபோய் இதைப் போட்டுட்டேன்."

மாஸ்டர் ஸ்டூலை மெல்ல இறக்கினார். இது செல்லாது, அடுத்த மாதம் முதலிலிருந்து வா என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அக்கா பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"பசை தீந்து எவ்வளவோ நாளாச்சு; அந்தக் காலி பாட்டிலைக் கழுவி நான் ஊத்தி வச்ச கண்டிஷனர்டா இது, முடி சிக்காம வழுக்கிட்டுப் போறதுக்கு."