நாற்பத்திரண்டு சர்வர்களும் ஓர் ஆபீஸ் ரூமும்

என் அனுமதி இல்லாமல் உலகத்தில் ஒரு துரும்பும் அசையாது. உலகம் என்று நான் சொல்வது எங்கள் கம்பெனியின் நாற்பத்திரண்டு கிளவுட் சர்வர்களை. அவற்றில் புது சாஃப்ட்வேர் ஏற வேண்டுமானால் ராஷித் என்கிற அடியேன் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் அமெரிக்காவே காத்திருக்கும். காத்திருந்திருக்கிறது. ஒருமுறை நான் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது இருபது நிமிடம் காத்திருந்தது.

முன்பெல்லாம் சனிக்கிழமை மதியம் ஆறு பேர் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் பார்த்த வேலை அது; எங்கள் பாஷையில் 'ரிலீஸ்'. ஒவ்வொரு சர்வராக நிறுத்தி, புதியதை ஏற்றி, ஓட்டிப் பார்த்து, ஓடாவிட்டால் பழையதையே மறுபடி ஏற்றி, நடுவில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளவும் வேண்டும். நான் அத்தனையையும் தானியங்கி ஆக்கினேன். இப்போது இரண்டு மணிக்குப் பட்டன். இரண்டு ஒன்பதுக்கு வேலை முடிந்தது. கோளாறு வந்தால் அதுவே பழையதற்குத் திரும்பிக்கொள்ளும். ஒன்பதே நிமிடம்! எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது.

இந்த ஒன்பது நிமிட சாதனை ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. காரணம், வெள்ளானூர்.

வெள்ளானூரில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். குடியிருப்பது பூந்தமல்லியில், வாடகைக்கு. அங்கே சாப்பாட்டு மேசைதான் என் ஆபீஸ். லேப்டாப்புக்கு இடப்பக்கம் ஊறுகாய் பாட்டில், வலப்பக்கம் மகள் ஹிபாவின் கலர் பென்சில்கள். இந்தக் கோலத்தில்தான் நாற்பத்திரண்டு சர்வர்களை ஆண்டுவந்தேன். ஆகவே புது வீட்டில் எனக்கென்று ஓர் ஆபீஸ் ரூம். பத்துக்குப் பத்து. ஏசி. உள்பக்கம் தாழ்ப்பாள். பிளானில் அந்தக் கட்டத்துக்குள் 'ராஷித்' என்று என் கையாலேயே எழுதினேன். மற்றதெல்லாம் என் மனைவி ஷாகிதாவின் இஷ்டம். அந்த ஒரு ரூம்தான் நான் கேட்டது. அதை நினைக்காமல் ஒருநாள்கூட நான் தூங்கியதில்லை.

"என்னங்க, சனிக்கிழமையானா மேஸ்திரி அவர் இஷ்டத்துக்குக் கட்டிட்டுப் போயிடுறாரு. கூடவே ஒரு ஆள் நிக்கணும். நீங்க வாங்களேன்" என்றாள் ஷாகிதா.

"சனிக்கிழமையா? ரிலீஸ் இருக்கே!"

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"அஞ்சு மணி நேரம். கண்ணை எடுக்க முடியாது. நாப்பத்திரண்டு சர்வர், ஷாகிதா! ஒண்ணு விழுந்தாலும் அமெரிக்காவுல ஒருத்தன் இருமல் மருந்து ஆர்டர் பண்ண முடியாது."

"அய்யோ பாவம்."

"அதான் சொல்றேன்."

"சரி, நானே ஸ்கூட்டியில போய்க்கிறேன். ஏதாவது கேக்கணும்னா மெசேஜ் பண்ணுவேன். பதிலாவது போடுவீங்களா?"

"உடனே போடுவேன்!"

சொல்லிவிட்டேனே தவிர, பிரியாணி சாப்பிட்ட மனிதன் இரண்டு ஒன்பதுக்கு மேல் விழித்திருப்பது இயற்கைக்கு விரோதம். யோசித்தேன். நாற்பத்திரண்டு சர்வர்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு பெண்டாட்டிக்குப் பதில் சொல்லத் தெரியாதா? பதினைந்து வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். சனிக்கிழமை இரண்டிலிருந்து ஏழு வரை ஷாகிதாவிடமிருந்து எந்த மெசேஜ் வந்தாலும் ஒரே பதில் போகும்: "சரி மா, நீ சொன்னா சரிதான்."

பன்னிரண்டு வருட இல்லற அனுபவத்தைப் பிழிந்து எடுத்த வாக்கியம் அது. எந்தக் கேள்விக்கும் பொருந்தும். சண்டைக்கும் பொருந்தும்.

முதல் சனிக்கிழமையே அமர்க்களமாக ஓடியது. இரண்டாவதும் ஓடியது. நான்கு மாதம் ஓடியது. சாயங்காலம் ஷாகிதா வெயிலில் கறுத்து, துப்பட்டாவெல்லாம் சிமென்ட்டோடு வந்து, "ரொம்ப வேலையா? முகமெல்லாம் வீங்கியிருக்கே" என்பாள். தூங்கி எழுந்த வீக்கம் அது. டீ போட்டுக் கொடுப்பாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. டீ நன்றாக இருந்ததால் குடித்துவிட்டேன்.

அவள் என்ன கேட்டாள், என்ன பதில் போனது என்று நான் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே என்ன நடந்தது என்று எவனும் பார்க்க மாட்டான். சிவப்பு எரிந்தால்தான் பார்ப்போம். ஷாகிதா ஒருநாளும் சிவக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கோவிந்தராஜ் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைச் சீண்டினார்.

"இன்னா பாய், எப்போ பாரு சர்வரு சர்வருன்ற. அது எங்கதான் கீது?"

"மும்பைப் பக்கம் எங்கயோ இருக்கு."

"நீ அத்த கண்ணால பாத்துகீறியா?"

"இல்ல. யாரும் பாத்ததில்ல."

"பாக்காத சரக்குக்கா இம்மாம் பில்டப்பு?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சர்வரைக் காட்ட முடியாது. அதை ஆளப்போற ரூமைக் காட்டறேன், கிளம்புங்க!" என்றேன். ஷாகிதா மறுக்கவில்லை. "ஆமா, நீங்களும் பாத்து நாளாச்சு" என்று முந்திக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். கோவிந்தராஜ் தன் பைக்கில் வந்தார்.

வெள்ளானூரில் பூச்சு வேலைகூட முடிந்திருந்தது. பெருமையோடு கோவிந்தராஜை அழைத்துக்கொண்டு என் ரூமுக்குள் நுழைந்தேன்.

நடுவில் இடுப்பு உயரத்துக்குக் கடப்பாக்கல் போட்ட நீள மேடை. சுவரைச் சுற்றி ஆறு பிளக் பாயின்ட். ஏசிக்கு விட்டிருந்த ஓட்டையைச் செங்கல் வைத்து மூடியிருந்தார்கள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது.

"ஷாகிதா! என் ஆபீஸ் ரூம் எங்க?"

"இதுதாங்க. நான் நடத்தப்போற தையல் கிளாஸா மாத்தியாச்சே. இது துணி வெட்டுற மேடை."

"யாரைக் கேட்டு மாத்துன?"

"உங்களைக் கேட்டுத்தான்."

போனை நீட்டினாள். 'ஆபீஸ் ரூமைத் தையல் கிளாஸா மாத்திடலாமாங்க?' கீழே நான்: 'சரி மா, நீ சொன்னா சரிதான்.' 'ஏசி வேணாம், ஆறு மெஷினுக்குப் பிளக் வெச்சிடலாமா?' 'சரி மா, நீ சொன்னா சரிதான்.' 'உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?' 'சரி மா, நீ சொன்னா சரிதான்.'

மேஸ்திரி அழகேசனும் எட்டிப் பார்த்தார். "சார் ஓகே சொன்னதை மேடம் காட்டின அப்புறம்தான் சார் நான் கல்லே எடுத்தேன்."

"இன்னா பாய், நீயே ஓகே சொல்லிக்கிற. அப்பால இன்னாத்துக்குக் கத்தினுகீற?" என்றார் கோவிந்தராஜ்.

வாயைத் திறந்தேன். 'அது நான் இல்லை, என் புரோகிராம்' என்று சொல்லலாம். சொன்னால், நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேள்வி வரும். தூக்கம் வெளியே வரும். ஒன்பது நிமிடம் வரும். நான்கு மாத வெயில் மொத்தமாக வரும். வாயை மூடினேன்.

"ஆமா... நான்தான் சொன்னேன்."

"மெய்யாலுமா?"

"யோசிச்சுத்தான் சொன்னேன்."

"அவ்ளோ வேலைக்கு நடுவுலயும் ஒரு செகண்டுல பதில் போட்டாருண்ணே" என்றாள் ஷாகிதா. முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லை. பச்சைக் குழந்தை முகம்.

கோவிந்தராஜ் என் தோளைத் தட்டினார். "பெரிய மனசு பாய் உனக்கு. எங்க ஊட்ல நான் பதில் சொல்ல மூணு நாளு ஆவும்."

ரூம் போனது போனதுதான். ஆனாலும் திரும்பி வரும் வழியில், ஸ்கூட்டியின் பின்சீட்டில், எனக்குள் ஒரு பெருமிதம். பதினேழு சனிக்கிழமை! ஒரு மெசேஜைக்கூட என் புரோகிராம் தவறவிடவில்லை. கூட வாழ்கிற பெண்டாட்டிக்கே சந்தேகம் வரவில்லை! மொத்தம் எத்தனை பதில் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க ஆசை வந்தது. என் போனை எடுத்து முதல் சனிக்கிழமைக்குப் போனேன்.

'மணல் லாரி வந்துடுச்சுங்க. கொட்டச் சொல்லட்டுமா?' 'சரி மா, நீ சொன்னா சரிதான்.'

'செங்கல் பாதி உடைஞ்சிருக்கு, திருப்பி அனுப்பட்டுமா?' 'சரி மா, நீ சொன்னா சரிதான்.'

மூன்றாவது மெசேஜ், மதியம் மூன்று பத்துக்கு வந்திருந்தது: 'மொட்டை மாடியில ஒரு யானை வளக்கலாமாங்க?'