பூஜ்யத்துக்கும் கீழே நின்ற ஜீப்

என் மீசைமேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

ஒரு காட்டில் மாசாணம் என்றொரு கரடி மெக்கானிக் இருந்தது. ராஜா சிங்கத்தின் ஜீப்பில், யானை குளித்த தண்ணீர் புகுந்து இன்ஜின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. மாசாணம் புதுசு மாட்டியது. அன்று பிடித்தது சனியன். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி அணைந்துவிடும்.

கோளாறு காட்டும் ஸ்கேனரைப் பார்த்த எடுபிடி மந்தி மரகதம் விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணே, ஆக்சிலேட்டர் மிதியை அளக்கிற சென்சார் பூஜ்யத்துக்கும் கீழே காட்டுது. வண்டி நிக்கிறதைவிடக் கம்மியா நிக்குதாம்!"

"சென்சார் போச்சு," என்றது மாசாணம். மாற்றியது. அதே ரீடிங். ஒயரை மாற்றியது. அதே ரீடிங். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டது. பழம்தான் வீண்.

சிங்கம் வந்தது. "சாயங்காலம் என் மகள் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் இந்த ஜீப்பிலதான். வண்டி ஓடினா பந்தியில உனக்கு இலை போடுவோம். ஓடலைன்னா இலையில உன்னைப் போடுவோம்."

பயம் வந்தால் மாசாணத்துக்குத் தேன் வேண்டும். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த கூட்டைக் கலைக்கப் போய், வலது உள்ளங்காலில் தேனீ கொட்டிவிட்டது. கால் பணியாரமாக உப்பியது.

நொண்டி வந்து சீட்டில் உட்கார்ந்தது. பழைய வண்டிகளில் பழகிய கால் அது. ஆக்சிலேட்டரை நாலு குத்து குத்தி, மிதித்தபடியேதான் மாசாணம் சாவியைத் திருப்பும். அப்படித் திருப்பாதவன் மெக்கானிக்கே இல்லை என்றும் பேசும். இன்று மிதிக்க வழியில்லை. காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பியது.

"அண்ணே, பூஜ்யம்! சுத்தமான பூஜ்யம்!" என்று கத்தியது மரகதம்.

மாசாணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சாவி திருப்பும்போது ஆக்சிலேட்டர் எங்கே இருக்கிறதோ, அதைத்தான் புதுக் கம்ப்யூட்டர் 'சும்மா இருப்பது' என்று மனப்பாடம் செய்கிறது. மாசாணமோ தினமும் மிதித்துக்கொண்டே அதற்குப் பாடம் நடத்தியிருக்கிறது! கோளாறு சென்சாரில் இல்லை, தன் காலில்.

"என்ன செஞ்சே?" என்றது சிங்கம்.

'காலை எடுத்தேன்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. வீணாகக் கழற்றிப்போட்ட சென்சார், ஒயர் குவியலைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"தேனீ வைத்தியம், மகாராஜா. உள்ளங்கால்ல கொட்டினா ஒரு கரண்ட் ஏறும். அது சாவி வழியா இறங்கி சென்சாரைத் தெளிய வைக்கும். கைராசி... கால்ராசி வேணும்."

ஊர்வலம் ஜோராகப் போனது. மாசாணத்துக்கு மாலை, பட்டம், பந்தியில் முதல் இலை. மறுநாள் விடிந்தால் ஷெட் வாசலில் எட்டுக் காட்டு வண்டிகளும் வரிசையில் நின்றன.

தேன்கூட்டைச் சுமந்துகொண்டு வந்தது மரகதம். "கூட்டம் பாக்க வந்திருக்குண்ணே. காலை நீட்டுங்க."

நீதி: தப்பை ஒத்துக்கொண்டால் ஒரே தடவைதான் வலிக்கும், மதிப்போடு வாழ நினைப்பவர்கள் தினமும் வலிக்கிற வழியையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதைச் சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கரடி இப்போது மெதுவாகத்தான் நடக்கிறது. ஆனால் வந்து சேர்ந்துவிடும்.