லிட்டருக்கு எட்டு புள்ளி ஒன்று

வண்டி வந்து நின்றதும், ஓட்டி வந்தவர் முகத்தைப் பார்க்காமல் நேரே மீட்டரை எட்டிப் பார்க்கிற ஒருவரை நீங்கள் எங்காவது பார்த்திருந்தால், நான் யாரைச் சொல்ல வருகிறேன் என்று விளக்க வேண்டியதில்லை. மைலேஜ்காரர் என்பது அந்த இனத்தின் பெயர். எல்லாத் தெருவிலும் ஒருவர் உண்டு. நீங்கள் ஆசை ஆசையாகப் புது வண்டியைக் கொண்டுவந்து காட்டினால், அவர் நிறத்தைப் பார்க்க மாட்டார், கதவைத் திறந்து உட்கார்ந்து பார்க்க மாட்டார், மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு "எவ்வளவு குடுக்குது?" என்பார். பன்னிரண்டு என்று சொன்னால் "அவ்வளவுதானா?" பதினெட்டு என்று சொன்னால் "யாரு கணக்குப் போட்டது?" சரியான எண் எதுதான் என்று கேட்கிறீர்களா? அவருடைய வண்டி கொடுப்பதைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இனத்தில் நான் நெருங்கிப் பார்த்தவர் ஒரு டைல்ஸ் கடைக்காரர். தெருவில் அவருக்குப் 'புள்ளி' என்று பெயர். பெரிய புள்ளி என்ற அர்த்தத்தில் இல்லை, எதைப் பேசினாலும் தசமப் புள்ளி போட்டுப் பேசுவார் என்பதால் வந்த பெயர். பழைய லாரி இருந்தவரை அவரும் நம்மைப் போல நல்ல மனிதராகத்தான் இருந்தார். அந்த லாரியில் மீட்டர் ஓடாது. எவ்வளவு டீசலுக்கு எவ்வளவு தூரம் என்று யாருக்கும் தெரியாததால் வீட்டிலும் கடையிலும் நிம்மதி இருந்தது.

புது லாரி வந்தது. விற்றவர் லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் என்று சொல்லியிருந்தார். முதல் டேங்க் முடிந்து கணக்குப் போட்டால் ஆறு புள்ளி இரண்டு. கடைக்காரர் மூன்று முறை வகுத்தார். மனைவியை வகுக்கச் சொன்னார். கல்லூரியில் கணக்குப் படிக்கிற மகளைக் கூப்பிட்டு வகுக்கச் சொன்னார். குடும்பமே உட்கார்ந்து வகுத்தும் ஆறு புள்ளி இரண்டு, ஆறு புள்ளி இரண்டாகவே நின்றது. அன்று மத்தியானம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

லாரியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினார். மெக்கானிக் பொறுமைசாலி. "புதுச் செருப்பு கடிக்காதா அண்ணே? இஞ்சினும் அப்படித்தான். உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி வழவழன்னு ஆகணும். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், தானா ஏறும். அதுவரைக்கும் கணக்கே பாக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்.

கணக்கே பார்க்காதே என்று அவரிடம் சொல்வதும் மூச்சு விடாதே என்று சொல்வதும் ஒன்றுதான். அன்றிலிருந்து டீசல் போடுவது ஒரு பூசையாயிற்று. ஒரே பங்க், அதிலும் ஒரே பம்பு, அதிலும் வெயில் ஏறுவதற்கு முந்தைய ஒரே நேரம், ஏனென்றால் சூட்டில் டீசல் உப்பி ஏமாற்றிவிடுமாம். தரையில் அவரே கிழித்த சுண்ணாம்புக் கோட்டில் நான்கு சக்கரமும் நிற்க வேண்டும். டேங்க் வாய் வரைக்கும் ஊற்றியதும் அவர் ஒரு பக்கம், டிரைவர் ஒரு பக்கம், வேறு வழியில்லாமல் பங்க் ஊழியர் ஒரு பக்கம் நின்று லாரியைப் பிடித்து ஆட்டுவார்கள், உள்ளே இருக்கிற நுரை அடங்க. அடங்கியதும் இன்னும் கால் லிட்டர். மறுபடி ஆட்டம். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் ஹாரனை அமுக்கி ஓய்ந்து இறங்கி வந்து, என்னதான் நடக்கிறது என்று வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் கடைக்காரர் டேங்க்குக்குள் டார்ச் அடித்து, பிள்ளையின் தொண்டையைப் பார்க்கிற டாக்டர் மாதிரி பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திருகுவார்.

பிறகு லாரியை இளைக்க வைத்தார். ஜாக்கி இறங்கியது, கயிறு இறங்கியது, தண்ணீர் கேன் பாதியாயிற்று. ஊரிலிருந்து வந்த மாமியாரை அழைத்துவரப் போனவர், அவரையும் அவர் பெட்டியையும் கண்ணாலேயே எடை போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்ததாக மனைவி இன்றைக்கும் சொல்லுவார். மாமியார் பஸ்ஸில் வந்தார். பஸ் முந்திவிட்டது.

டிரைவருக்கும் பாடம் நடந்தது. அந்த மனிதர் இருபத்தாறு வருடமாக ஸ்டீயரிங் பிடிக்கிறவர், அதில் பதினோரு வருடம் இந்தக் கடைக்கு. அவரிடம் கடைக்காரர், "ஆக்சிலேட்டரை மிதிக்காதே. தடவு" என்றார். டிரைவர் தலையை ஆட்டினார்.

ஏறத்தான் செய்தது. ஆறு புள்ளி ஆறு, ஏழு, ஏழு புள்ளி நான்கு. மீட்டர் பதினோராயிரத்தைத் தொட்ட வாரம், சுண்ணாம்புக் கோட்டில் நின்று ஆட்டி ஊற்றிக் கணக்குப் போட்டால் எட்டு புள்ளி ஒன்று! மெக்கானிக் சொன்னபடி இஞ்சின் இளகிவிட்டது, வேறொன்றுமில்லை. ஆனால் அதை இந்த இனத்திடம் சொல்லி ஜெயிக்க முடியுமா? "எல்லாம் நம்ம கையிலதான் இருக்கு" என்று கடையில் தினமும் சொற்பொழிவு. குளியலறைக்கு வெள்ளை டைல்ஸ் பார்க்க வந்த ஒரு தம்பதி, டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும், கியரை எப்போது மாற்ற வேண்டும் என்பதெல்லாம் கேட்டு முடித்து, எதிர்க்கடையில் போய் டைல்ஸ் வாங்கிக்கொண்டார்கள்.

சொல்லி ஆறவில்லை அவருக்கு. எழுதியும் வைத்தார். லாரியின் நெற்றிக்கு மேலே, அகலத்துக்கு அகலம், ஓர் ஆள் மார்பளவு உயரத்துக்குத் தகரப் பலகை ஒன்றை நிமிர்த்தி நிற்க வைத்து, கடைப் பெயரைச் சின்னதாகவும் கீழே '8.1' என்று பெரிதாகவும் எழுதி, சுற்றிலும் பூ வரைந்து மாட்டினார். தெருமுனையில் நின்ற ஒருவர் அதை ஏதோ பஸ் நம்பர் என்று நினைத்துக் கை காட்டி நிறுத்தினார்.

அடுத்த டேங்க், ஏழு புள்ளி மூன்று. அதற்கடுத்தது ஏழு புள்ளி ஒன்று.

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். தெருவில் பம்பரம் விடுகிற பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்திருப்பார்கள். கடைக்காரர் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அவர் ஏற்கெனவே குற்றவாளியைத் தேடப் புறப்பட்டுவிட்டார். முதலில் பங்க்கைத் திட்டினார், பிறகு மழையை, பிறகு ரோடு போட்டவர்களை. ஒருவரும் அகப்படாமல் போகவே, பார்வை மெல்ல டிரைவர் பக்கம் திரும்பியது. ஏறும்போது என் திறமை, இறங்கும்போது எவன் கை வைத்தான்? இதுதான் இந்த இனத்தின் சட்டம். டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சி விற்கிற டிரைவர்களைப் பற்றி அவருக்கு ஆயிரம் கதை தெரியும். சாயங்காலம் சாவியை வாங்கும்போது டிரைவரின் கையைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்து, தும்மல் வருகிறவர் போலக் குனிந்து மோந்து பார்க்க ஆரம்பித்தார்.

மனைவி இதைப் பார்த்துவிட்டார். குடோனில் தவறுதலாக நாற்பது பெட்டி டைல்ஸ் அதிகமாக ஏற்றிவிட்டதை வழியில் எண்ணிப் பார்த்து, யாரும் கேட்காமலே வண்டியைத் திருப்பி அறுபது கிலோமீட்டர் போய் இறக்கிவிட்டு வந்தவர் இந்த டிரைவர்தான் என்பதை ஞாபகப்படுத்தினார். அன்றைக்குக் கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி, போய்வர டீசல் எவ்வளவு ஆச்சு என்று. அதையும் மனைவி ஞாபகப்படுத்தினார். "அந்த மனுஷன் கையை மோந்து பாக்குறீங்களே, உங்களுக்கே வெக்கமா இல்லையாங்க?" என்றார்.

வெட்கமாகத்தான் இருந்தது. அதனால் மோந்து பார்ப்பதை விட்டுவிட்டு, டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை டிரைவர் பூட்டைப் பார்த்தார். குனிந்து ஒரு முறை இழுத்துப் பார்த்தார். "இது வண்டிக்குப் போட்ட பூட்டா, எனக்குப் போட்டதா முதலாளி?" என்று கேட்டார்.

காலம் கெட்டுக் கிடக்கிறது, ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கை வைக்கிறான் என்று கடைக்காரர் ஏதோ மென்று விழுங்கினார். டிரைவர் ஸ்டீயரிங்கை ஒரு முறை துடைத்தார், சீட்டுக்கு அடியிலிருந்து தன் துண்டையும் செருப்பையும் எடுத்துக்கொண்டார், வண்டிச் சாவியைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு நடந்து போய்விட்டார்.

போகட்டும், நானே ஓட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார் கடைக்காரர். உரிமம் இருந்தது. அதிலிருந்த படத்தில் தலைமுடியும் இருந்தது. குடோனுக்கும் கடைக்குமாக ஒரு டேங்க் தீரும்வரை, தானே போதித்தபடி தடவித் தடவி ஓட்டினார். கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் டிரைவர் ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுப்பார். இவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. தெருவே கூடி வலது என்றது, இடது என்றது, கடைசியில் ஒரு மாடிப்படியின் கைப்பிடி போயிற்று. மூன்றாம் நாள் அதே சந்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த மனிதர் திரும்பி வராவிட்டால் கடையை எப்படி நடத்துவது என்று முதல் முறையாகப் பயந்தார்.

டேங்க் முடிந்தது. வகுத்தார். ஆறு புள்ளி ஐந்து.

பூட்டு உடையவில்லை. சாவி சட்டைப் பையில். ஓட்டியது அவர். அப்படியானால் திருடன் யார்? கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துத் தன் கையைத் தானே ஒரு முறை மோந்து பார்த்துக்கொண்டார் என்று கேள்வி. நான் நம்புகிறேன்.

லாரியை மறுபடி கொண்டுபோய் நிறுத்தியபோது மெக்கானிக் இஞ்சினைத் திறக்கவே இல்லை. லாரிக்கு முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். "அண்ணே, ஒரு கதவைத் தலைக்கு மேல நிமித்திப் பிடிச்சுக்கிட்டு எதிர்காத்துல ஓடிப் பாருங்க. உங்களுக்கு எவ்வளவு குடுக்குதுன்னு பாப்போம்."

கடைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. இதை யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று முனகினார்.

"டிரைவர் சொன்னாரே. பலகை மாட்டின அன்னிக்கே, காத்து முட்டுது முதலாளின்னு சொன்னாராம். நீ தடவி ஓட்டு, சரியாப் போயிடும்னு நீங்க சொன்னீங்களாம். இங்க வந்து சிரிச்சுட்டுத்தான் போனாரு" என்றார் மெக்கானிக்.

டிரைவர் சொன்னது ஞாபகம் வந்தது. சொன்ன நேரத்தில் தான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. பலகையைக் கழற்றச் சொல்லிவிட்டு, லாரியை அங்கேயே விட்டுவிட்டு, டிரைவர் வீட்டுக்கு நடந்தே போனார். வழியெல்லாம் அவருக்கு அவமானமாக இருந்தது.

இரண்டு அறை வீடு. பதினோரு வருடத்தில் அன்றுதான் அதன் வாசலை மிதிக்கிறார். டிரைவர் தரையில் உட்கார்ந்து ஒரு குடைக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஸ்டூலைப் போட்டுவிட்டு உள்ளே போனார். கடைக்காரர் உட்கார்ந்து, எதிர்காற்று எப்படித் தள்ளுகிறது, வேகம் கூடக் கூட அது எத்தனை மடங்கு ஆகிறது என்று கால் மணி நேரம் விளக்கினார். டிரைவர் கேட்டுக்கொண்டே கம்பியை மாட்டினார். விளக்கம் தீர்ந்ததும் வேறு வழியில்லாமல் கடைக்காரர் சொல்ல வந்ததைச் சொன்னார். "தப்பு என்னோடதுதான். உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்."

"பலகையைக் கழட்டிட்டீங்க, அது சரி முதலாளி" என்றார் டிரைவர். "பதினோரு வருஷமா சாயங்காலம் வண்டியைக் கொண்டாந்து நிறுத்துறேன். எத்தனை பெட்டி வந்துச்சு, எத்தனை உடைஞ்சுது, எவ்வளவு ஊத்தினே, இப்ப எவ்வளவு குடுக்குது. ஒரு நாளாவது சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீங்களா?"

கடைக்காரர் யோசித்துப் பார்த்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். ஒரு நாளும் இல்லை. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. "சாப்பிட்டியா?" என்றார்.

உள்ளேயிருந்து டிரைவரின் மனைவி சிரிப்பது கேட்டது. மணி நாலு.

டிரைவர் அந்த வாரமே திரும்பி வந்தார். இப்போதெல்லாம் சாயங்காலம் லாரி வந்து நின்றதும் கடைக்காரர் எழுந்து வந்து, முகத்தைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்கிறார். ஆச்சு முதலாளி என்கிறார் டிரைவர். அதன்பிறகு கடைக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. வானத்தைப் பார்க்கிறார், தொண்டையைச் செருமுகிறார், கல்லாவில் இல்லாத தூசியைத் தட்டுகிறார். டிரைவர் கண்ணாடியை ஏற்றி, கதவைப் பூட்டி, துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் "ஏழு புள்ளி ஒம்பது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த இடைவெளியில் கடைக்காரர் படுகிற பாட்டைப் பார்க்கத் தெருவில் நாலு பேர் கூடுவது வழக்கமாகிவிட்டது.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். சிரிக்கலாம், உங்களிடம்தான் லாரி இல்லையே. டேங்க் இல்லை, பலகை இல்லை, வகுக்க வேண்டிய வேலையும் இல்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: அன்றைக்குப் பரீட்சை எழுதிவிட்டு வந்த உங்கள் பிள்ளை, வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மறு செருப்பைக் கழற்றுவதற்குள், நீங்கள் கேட்ட முதல் கேள்வி என்ன?