கியாரண்டி அக்காவின் வெந்நீர்க் குளம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், 'சரியாயிடும்' என்ற வார்த்தையே வாயில் வராத வைத்தியர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவரைத்தான் நாங்கள் கியாரண்டி அக்கா என்போம். எதற்குமே கியாரண்டி தராததால் வந்த பெயர்; வயதில் என்னைவிடச் சின்னவர்தான்.

தண்ணீருக்குள் உடற்பயிற்சி கொடுத்து முதுகு, முழங்கால், தோள்பட்டை வலிகளைக் கவனிக்கிற பிசியோதெரபிஸ்ட் அவர். சேலைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வெதுவெதுப்பான சின்னக் குளம். அங்கே என் வீட்டுக்காரரை இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன். மனுஷன் போர்ட் கிள்ளானில் டிரெய்லர் ஓட்டுகிறவர். இடுப்பு பிடித்துக்கொண்டதில் லோரிக்குள் ஏற முடியாமல், பண்டமாரான் வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்து நான் வெங்காயம் நறுக்குவதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, லோரி இல்லாமல் அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"சரியாயிடுமா மிஸ்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"இந்த மாதிரி வலிக்குத் தண்ணியில பயிற்சி செஞ்சா நிறைய பேருக்குக் குறையுதுன்னு ஆய்வு சொல்லுதுக்கா. அண்ணனுக்குக் குறையுமான்னு செஞ்சு பார்த்தாதான் தெரியும். கியாரண்டி இல்ல."

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். அதற்குள் இவர் அரைக்கால் சட்டையோடு குளத்தில் இறங்கிவிட்டார்.

வலிக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் தப்பு. மழை வருமா என்றால், "வாய்ப்பு இருக்கு." சாப்பாட்டுக் கடையில் "சாம்பார் சூடா இருக்கு மிஸ்" என்றால், வாளியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் இலையில் ஊற்றவிடுவார். தோள்பட்டை வலிக்காக வந்துகொண்டிருந்த ஓர் ஆன்டி, மகள் கல்யாணத்துக்கு எங்களை அழைத்திருந்தார். அட்சதை போட்ட கியாரண்டி அக்கா மணமக்களிடம், "ரெண்டு பேரும் நல்லா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு" என்றார். மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

நாற்பது அடி கண்டெய்னரை இழுக்கிற என் வீட்டுக்காரர், நெஞ்சளவுத் தண்ணீரில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் உடம்பைத் தாங்கியதில், போகப் போக முன்னால், பின்னால், பக்கவாட்டில் எல்லாம் நடந்தார். பிறகு அக்கா அவரை ஆழம் குறைந்த பக்கம் நகர்த்தினார். உடம்பின் கனம் கொஞ்சம் கொஞ்சமாகக் காலுக்குப் பழக வேண்டுமாம்.

"அந்தப் பக்கமே நல்லாத்தான் இருந்துச்சு மிஸ். லோரிய இங்க கொண்டாரச் சொல்லுங்க லா, ஏறிக்கிறேன்" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

நடுவில் ஒரு வாரம் வலி திரும்பிவிட்டது. "போதும் லா, லோரிய மறந்துடுவோம்" என்று இவர் படுத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. நான் மட்டும் போய் அக்காவின் கையைப் பிடித்து அழுதேன்.

"பொய்யாவது சொல்லுங்க மிஸ். சரியாயிடும்னு ஒரே ஒரு வார்த்தை. அவருக்கு இல்ல, எனக்கு."

அக்கா என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு, "அந்த லோரி எங்க நிக்குதுக்கா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி போர்ட் கிள்ளான் வந்துவிட்டார். யார்டில் நின்ற லோரியின் படியை டேப் வைத்து அளந்தார். எந்தக் காலை முதலில் வைப்பீர்கள், எந்தக் கம்பியைப் பிடிப்பீர்கள் என்று இவரைக் குடைந்தெடுத்தார். மறுவாரம் குளத்துக்குள் அதே உயரத்தில் ஒரு படி, பக்கத்தில் கைப்பிடி. இடுப்பளவுத் தண்ணீரில் லோரி ஏறிப் பழகினார் என் வீட்டுக்காரர். பிறகு முழங்கால் அளவில். பிறகு தரையில்.

நிஜ லோரியில் ஏறிய அன்றும் அக்கா வந்திருந்தார். இவர் படியில் கால் வைத்துத் தம் பிடித்தார். பாதியில் நின்றுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இவர் சீட்டில் இருந்தார். கீழே கியாரண்டி அக்கா, தொண்ணூறு கிலோ ஆளைத் தாங்கிப் பிடிக்கப்போகிறவர் மாதிரி இரண்டு கைகளையும் மேலே நீட்டியபடி இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க மிஸ், சரியாயிடுச்சுன்னு."

"இன்னிக்கு ஏறிட்டாருக்கா..." முகத்தைத் திருப்பிக்கொண்டு லோரி டயரை ஆராய ஆரம்பித்தார்.

எனக்குத் தைரியம் சொன்னவர்கள் எத்தனையோ பேர், ஒருவர் பெயரும் இப்போது ஞாபகமில்லை. ஆனால் சாமி விளக்கு ஏற்றும்போதெல்லாம், அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும் என்று தவறாமல் வேண்டிக்கொள்கிறேன். வேண்டினால் நடக்கும் என்பதற்கு அக்கா ஆதாரம் கேட்பார். கேட்கட்டும்.